கண் டூட்டி

எக்ஸ்ரே தன் டூட்டியை ஒப்படைத்தபோது, அங்கே இல்லாத ஓர் ஆளையும் சேர்த்து ஒப்படைத்தான்.

“இடது பக்கம் கைப்பிடிச் சுவர், இடுப்பு உயரம். வலது பக்கம் ஜனங்க போற வழி. கொஞ்சம் தள்ளிப் படி இறங்குது, ஓரமெல்லாம் பனி, வழுக்கும். கீழ ஏரி முழுக்க உறைஞ்சு கிடக்கு. ஏரி நடுவுல ஒரு ஆள் நிக்கறான், கோட்டு இல்லாம. அவ்வளவுதான். இனி உங்க பொறுப்புக்கா,” என்று சொல்லி, மைனாவின் கையைத் தன் முழங்கையிலிருந்து எடுத்து மருந்தக்காவின் முழங்கையில் வைத்தான்.

மருந்தக்கா பாலத்தின் கைப்பிடிச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். கீழே ஏரி, தேய்த்துக் கழுவாத அலுமினியத் தட்டைப்போல் மங்கிக் கிடந்தது. மதியம் இன்னும் முழுதாகக் கழியவில்லை. ஆனால் இந்தப் பெருநகரத்தின் குளிர்காலப் பகல், வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வராமலே திரும்பிவிடும் கூச்சக்கார விருந்தாளியைப் போன்றது. கரையோரத்தில் பிள்ளைகள் சிலர் சறுக்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள். சிலேட்டில் ஆணியால் எழுதுவது போன்ற அந்தக் கீறல் ஒலி பாலம்வரை ஏறி வந்தது. அவர்களுக்கு அப்பால் மூடுபனி. ஏரியின் நடுவில் ஒருவரும் இல்லை.

அவள் திரும்பினாள். கழுத்துத் துணிக்குள்ளிருந்து எக்ஸ்ரே கண்ணடித்தான்.

மூவரும் ஒரே மருத்துவமனையில் வேலை பார்ப்பவர்கள். குளிரைக் குளிர்பதனப் பெட்டிக்குள் மட்டுமே கண்டிருந்த ஊரிலிருந்து, விடுமுறைக்கென்று சேர்ந்து கிளம்பி வந்தவர்கள். மருந்தகத்தின் சன்னலுக்குப் பின்னால் காலமெல்லாம் நின்றே கழித்தவள் மருந்தக்கா. எலும்புகளைப் படம் பிடிப்பவன் எக்ஸ்ரே. மூவரில் இளையவன், வாயாடி. மைனா தொலைபேசி இணைப்பகத்தில் இருப்பவள். பிறவியிலேயே பார்வை இல்லாதவள். மறுமுனையில் இருப்பவர் வாய் திறப்பதற்கு முன்பே, மூச்சு விடும் தினுசை வைத்து இன்னார் என்று சொல்லிவிடக் கூடியவள்.

வெளியே போகும்போதெல்லாம் அவளுக்கு ஒருவர் கண்ணாக இருக்க வேண்டும் என்பது அவர்களுக்குள் ஏற்பாடு. அதற்குக் கண் டூட்டி என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒருவர் களைத்ததும் மற்றவர் ஏற்றுக்கொள்வார். ஏற்றுக்கொள்ளும்போது, வார்டில் ஒரு செவிலியர் அடுத்தவரிடம் நோயாளிகளை ஒப்படைப்பதுபோல, கண் முன்னால் உள்ள யாவற்றையும் சொல்லி ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்ததை வாங்கிக்கொண்டவர் மறுக்கக் கூடாது. வார்டில் அதுதானே வழக்கம்? போன டூட்டியில் ஒப்படைத்த நோயாளியை, அப்படி ஒருவரே இல்லை என்று இந்த டூட்டிக்காரர் சொல்ல முடியுமா?

இதில் மைனா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. சிறுமியாக இருந்தபோது, வீட்டுக்குப் பின்னால் பெரிய பூந்தோட்டம் இருப்பதாக அவளுடைய சொந்த அக்கா நெடுநாள் சொல்லி வந்திருக்கிறாள். இன்ன செடியில் இன்ன பூ என்றுகூடச் சொல்லியிருக்கிறாள். ஒருநாள் மைனா தன் சிநேகிதிகளைத் தோட்டம் பார்க்க அழைத்துப் போனாள். அது குப்பைமேடு. அன்று எழுந்த சிரிப்புக்குப் பிறகு அவள் அந்த அக்காவோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. அக்கா நோயில் படுத்துச் சொல்லியனுப்பியபோதும் போகவில்லை. “பொய்யை என்னால பாக்க முடியாதுக்கா. அதான் மன்னிக்கவும் முடியாது,” என்று பயணத்துக்கு முன்பே சொல்லியிருந்தாள், சிரித்துக்கொண்டேதான்.

“கோட்டு இல்லாமயா?” என்றாள் மைனா இப்போது. “இந்தக் குளிர்லயா?”

சும்மா சொல்கிறான், விளையாட்டு என்று ஒரு வாக்கியம் போதும். அது மருந்தக்காவின் நாக்கின் நுனிவரை வந்தது. ஆனால் வந்த நாளிலிருந்து அவளுக்குள் ஒன்று, செருப்புக்குள் புகுந்த மணலைப்போல் உறுத்திக்கொண்டிருந்தது. கண்ணுள்ள இருவருக்கும் இந்த நகரம் காட்டியதெல்லாம் மூடுபனியும், வரிசைகளும், வலிக்கும் கால்களும். மைனாவுக்கோ அது மாளிகைகளையும் கோபுரங்களையும் அள்ளிக் கொடுத்தது. சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டவர்கள் இவர்கள். அறைக்குத் திரும்பும்போது முகம் மலர்ந்திருப்பது அவளுக்கு. இது என்ன நியாயம் என்று மருந்தக்கா வாய்விட்டுக் கேட்டதில்லை.

“ஆமா மைனா. மேல ஒரு சட்டை மட்டும்தான். கால்ல செருப்புகூட இல்ல.”

மைனாவின் முகம் விளக்கை அணைத்ததுபோல் மங்கியது. அதைப் பார்த்தபோது மருந்தக்காவின் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று சுகமாகக் கால் நீட்டிப் படுத்துக்கொண்டது.

“யாரும் ஒண்ணும் குடுக்கலையா அவருக்கு?”

“யாரும் திரும்பிக்கூடப் பாக்கல.”

“கூப்பிடுங்கக்கா. என் சால்வையைக் குடுத்துடலாம்.”

“கூப்பிட்டா வர்ற மாதிரி இல்ல. நம்மளையேதான் பாத்துட்டு நிக்கறான்.”

மைனா சால்வையைக் கழற்றி, ஒருவரும் இல்லாத வெளியை நோக்கி நீட்டிக்கொண்டு நின்றாள். காற்று அதைப் படபடவென்று அடித்தது. அவளுடைய தலைக்குப் பின்னால் எக்ஸ்ரே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான்.

படியிறங்கி ஏரிக்கரை வழியாக மணிக்கூண்டை நோக்கி நடந்தார்கள். ஊருக்கே பேர் வாங்கிக் கொடுத்த மணிக்கூண்டு அது. அதைப் பார்ப்பதற்காகத்தான் அன்று கிளம்பியதே. ஆனால் அதன் அடியில் போய் நின்றபோது அதைப் பற்றி யாரும் பேசவில்லை. டூட்டி மாறியிருந்தது, எக்ஸ்ரே அந்த ஆளைக் கைவிடாமல் வாங்கிக்கொண்டிருந்தான்.

“நம்ம கூடவே வரான் மைனா. ஏரி மேலயே நடந்து வரான். அங்க சறுக்கற பசங்க இல்ல? அதுங்க பனியை உருட்டி அவன் மேல வீசுதுங்க.”

“தடுக்க யாருமே இல்லையாடா?”

“பெத்தவங்க நிக்கறாங்க. சிரிக்கறாங்க. இப்ப வாய்லயே ஒண்ணு பட்டுச்சு. அவனும் சிரிக்கறான்.”

“அவர் ஏன் சிரிக்கணும்?”

“சிரிப்பு இல்ல போல. உதடு உறைஞ்சு இழுத்துக்கிச்சு.”

பசியுள்ள பூனை எலியைப் பிடித்தவுடன் தின்றுவிடும். வயிறு நிறைந்த பூனைதான் அதைத் தட்டிவிட்டு, ஓடவிட்டு, மறுபடி தட்டும். அவர்கள் இருவரும் அன்று வயிறு நிறைந்த பூனைகளாக இருந்தார்கள். எலி என்று ஒன்று இல்லாததால் குற்றவுணர்வும் இல்லை. ஒருவர் மாற்றி ஒருவர் அவனுக்கு ஏதேனும் செய்தார்கள். ஒருமுறை அவனை விழவைத்தார்கள். ஒருமுறை நொண்டவைத்தார்கள். மருந்தக்கா தன் தொழிலறிவைக் கொண்டு அவனுடைய வலக்கையில் ஒரு விரலைக் கறுக்க வைத்தாள். குளிரில் செத்த விரல் எப்படி முதலில் வெளுத்து, பிறகு நீலம் பாய்ந்து, கடைசியில் கரிக்கட்டையாகிவிடும் என்பதை நிறுத்தி நிதானமாக மைனாவுக்கு விளக்கினாள். மைனா தன் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

பிறகு அவள் தலையைச் சாய்த்தாள். இணைப்பகத்தில் தூரத்து அழைப்பைக் கேட்கும்போது அவள் சாய்ப்பது அப்படித்தான்.

“இருமறார்,” என்றாள்.

அதை யாரும் சொல்லியிருக்கவில்லை.

வழிப்போக்கர் யாரேனும் இருமியிருப்பார் என்று மருந்தக்கா நினைத்துக்கொண்டாள். ஆனால் அதன்பின், மணிக்கூண்டின் ஈரச் சுவரோரம் நிற்கையில் அவளுக்கு ஒரு நாற்றம் வந்தது. குளிர் எல்லா மணங்களையும் கொன்றுவிடும். காலையிலிருந்து இந்த நகரம் அவள் மூக்குக்கு வெறும் இரும்பாக இருந்தது. இப்போது வந்ததோ, நெடுநாள் மாற்றாத புண்கட்டைப் பிரிக்கும்போது எழும் அழுகல் நாற்றம். இனிப்பும் ஈரமும் கலந்த நாற்றம். அது ஏரியின் பக்கமிருந்து வந்து, அவர்களைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு, அங்கேயே நின்றுவிட்டது.

அவள் எக்ஸ்ரேயைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். “போதும் தம்பி. அந்த ஆளை டிஸ்சார்ஜ் பண்ணிடு.”

“எப்படிக்கா?”

“யாரோ சொந்தக்காரங்க வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்கன்னு சொல்லு.”

“அதைத்தான்க்கா சொல்ல வந்தேன்.” அவன் குரலில் விளையாட்டு இல்லை. “வாய்ல வரல. வாயைத் திறந்தா அவனுக்கு இன்னும் ஏதாவது கெட்டது பண்ணத்தான் வருது.” நெற்றியைத் துடைத்தான். அந்தக் குளிரில் அவனுக்கு வியர்த்திருந்தது. கையுறைகளைக் காணவில்லை. “உங்களுக்குப் புழுக்கமா இல்ல?” என்று கேட்டுக்கொண்டே கோட்டின் பொத்தான்களைக் கழற்றினான்.

உறைந்து சாகப் போகிறவர்களுக்குக் கடைசியில் உடம்பு தீப்பற்றியது போலிருக்கும், உடுத்தியதைக் கழற்றி எறிவார்கள் என்று அவள் எப்போதோ படித்தது நினைவுக்கு வந்தது. “பொத்தானைப் போடு,” என்று அதட்டினாள். அவன் குழந்தையைப்போல் கீழ்ப்படிந்து போட்டுக்கொண்டான். போட்ட கையோடு மறுபடி கழற்றினான். வலக்கையில் ஒரு நகம் கறுத்திருந்தது.

“அதென்னடா?”

“கதவுல நசுங்கியிருக்கும்க்கா,” என்றான், அதைப் பார்க்காமலே. பிறகு இருமினான்.

மைனா அவன் பக்கம் திரும்பினாள். “உனக்கும் ஒட்டிக்கிச்சா? அவர் இருமற மாதிரியே இருமறே.”

“சூடா ஏதாவது வாங்கிட்டு வரேன்,” என்றான் அவன் அவசரமாக. “அக்கரையில கடை இருக்கு.” மைனாவின் கையை எடுத்து மருந்தக்காவின் முழங்கையில் வைத்தான். “முன்னாடி கம்பி வேலி. அதுக்கு அந்தப் பக்கம் ஏரி. வலது பக்கம் ஒரு மரம்.”

“அந்த ஆள்?” என்றாள் மைனா.

“அந்த ஆளை இனிமே மருந்தக்கா பாத்துப்பாங்க.”

கரையைச் சுற்றிப் போக நல்ல பாதை இருந்தது. அவன் வேலியைத் தாண்டி, நேராக உறைந்த ஏரியின்மேல் இறங்கி நடந்தான். நாலெட்டு போவதற்குள் மூடுபனி அவனை முழங்கால்வரை தின்றது. பிறகு இடுப்புவரை. பிறகு அவன் குல்லா மட்டும் சற்று நேரம் தனியே போயிற்று.

தெருவிளக்குகள் எரியத் தொடங்கின. வெளிச்சம் கம்பத்தைவிட்டு இறங்காமல் அங்கேயே மஞ்சளாய்த் தொங்கியது. சனங்கள் கழுத்தைக் கோட்டுக்குள் புதைத்துக்கொண்டு கடந்து போனார்கள். பிள்ளைகளின் கீறல் ஒலி நின்றுவிட்டிருந்தது. எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை.

“எங்க இருக்கார் இப்ப?” என்றாள் மைனா.

முடித்துவிடுவது என்று மருந்தக்கா தீர்மானித்தாள். “போயிட்டான் மைனா. வண்டி ஒண்ணு வந்துச்சு. ஏத்திட்டுப் போயிட்டாங்க.”

மைனா காற்றுக்குக் காது கொடுத்தாள்.

“வண்டி எதுவும் வரலையேக்கா.”

“வந்துச்சு. உனக்குக் கேக்கல.”

“நேர் எதிர்ல இருமறார். இப்பக்கூட.” முழங்கையில் இருந்த கை மெல்லத் தளர்ந்தது. முதலில் சுண்டுவிரல். அடுத்து அதன் பக்கத்து விரல். “அக்கா, நீங்க எங்கிட்ட பொய் சொல்றீங்களா?”

மருந்தக்காவின் வீட்டில் அவளைத் தவிர எவரும் இல்லை. மதிய வேளையில் மருந்தகத்துத் தொலைபேசி அடிக்கும். சாப்பிட்டீங்களாக்கா என்று ஒரு குரல் கேட்கும். உலகத்தில் அவளை அப்படிக் கேட்பதற்கு இருந்தது அந்தக் குரல் ஒன்றுதான். நோயில் கிடந்த சொந்த அக்காவைக்கூடப் போய்ப் பார்க்காத குரல் அது. அந்தத் தொலைபேசி இனி அடிக்காது என்பதை அவள் முழங்கையில் உணர்ந்தாள்.

ஏரியைப் பார்த்தாள்.

ஏரியின் நடுவில் ஒரு ஆள் நின்றான். கோட்டு இல்லாமல்.

முதலில் வந்தது பயமன்று, நிம்மதி. சொன்னது மெய்யாகிவிட்டது. இனி அவள் பொய் சொல்ல வேண்டியதில்லை.

“இல்ல மைனா. நிக்கறான். பனி மறைச்சிருச்சு, அதான் எனக்குத் தெரியல. வண்டி வேற யாருக்கோ வந்தது போல.”

கை மறுபடி இறுகியது. “அதானே,” என்றாள் மைனா, பெருமூச்சோடு. “சொல்லுங்க.”

“சட்டை மட்டும் போட்டிருக்கான். முதுகு தெரியுது. செருப்பு இல்ல. பசங்க அவனைச் சுத்தி நிக்கறாங்க.”

உண்மை. எல்லாமே உண்மை. பிள்ளைகள் வட்டமாக நின்றார்கள். சத்தமில்லாமல் குனிந்து பனியை அள்ளினார்கள். உருட்டினார்கள். பெரியவர்கள் பின்னால் நின்று பார்த்தார்கள். பற்கள் தெரிந்தன.

அந்த ஆள் நொண்டினான். ஓர் அடி. இன்னோர் அடி.

திரும்பினான்.

எக்ஸ்ரே.

அவன் தாடி. அவன் மூக்கு. உதடுகள் இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டிருந்தன, சிரிப்பதுபோல. ஒரு பனியுருண்டை காதில் பட்டு உடைந்தது. அவன் அதைத் துடைக்கவில்லை. கையைத் தூக்கினான். கறுத்த விரல். அவள் பக்கம் நீட்டினான். வாய் அசைந்தது. ஓசை வரவில்லை. அக்கா என்பதற்கு வாய் எப்படித் திறக்குமோ அப்படித் திறந்தது.

“யாருக்கா அவர்?” என்றாள் மைனா. “முகம் தெரியுதா இப்ப?”

ஒரே ஒரு வாக்கியம். நம்ம எக்ஸ்ரேதான் என்று கத்தினால் போதும். வேலி இடுப்பு உயரம்தான். ஓடினால் எட்டிப் பிடித்துவிடலாம். தன் கோட்டைக் கழற்றிப் போர்த்திவிடலாம்.

அப்புறம்? பாலத்தில் நின்றது யார் என்று மைனா கேட்பாள். நம்ம பையன் என் பக்கத்துல நிக்கும்போது அங்க நின்னது யாருக்கா? அதற்கு என்ன சொல்வது? ஒரு நூலை இழுத்தால் எல்லாம் பிரிந்துவிடும். சால்வை. உதடு. விரல். தலைக்குப் பின்னால் குலுங்கிய சிரிப்பு.

முழங்கையில் அந்தக் கை கதகதப்பாக இருந்தது.

“தெரியாத ஆள், மைனா,” என்றாள். “யாரோ.”

ஏரியில் அவன் இன்னும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் கண்களில் இருந்த ஏதோ ஒன்று போய்விட்டது. அவள் யார் என்பது அவனுக்குத் தெரியவில்லை. தான் யார் என்பதும்.

நீட்டிய கை கீழே இறங்கியது.

கரைப் பாதையில் காலடி. ஈரமான, மெத்தென்ற காலடி.

எக்ஸ்ரேயின் கோட்டு. எக்ஸ்ரேயின் குல்லா. கண்வரை ஏற்றிக் கட்டிய அவனுடைய கழுத்துத் துணி. ஆவி பறக்கும் கோப்பைகள். கோட்டின் பொத்தான்கள் எல்லாம், கழுத்துப் பொத்தான் உட்பட, ஒழுங்காகப் போட்டிருந்தன. அதன் விளிம்புக்குக் கீழே, பனியில், இரண்டு வெறும் பாதங்கள்.

அந்த நாற்றம்.

“டூட்டி மாத்தலாமாக்கா?”

அவன் குரல்தான். கொஞ்சம் உடைந்திருந்தது. இன்னும் பழகாததுபோல.

மைனா தலையைச் சாய்த்தாள். மருந்தக்கா மூச்சை நிறுத்தினாள். கண்டுபிடிக்கட்டும். இவளாவது கண்டுபிடிக்கட்டும்.

“குரல் ஏண்டா இப்படிக் கட்டியிருக்கு?”

“பனிக்காத்து மைனா.”

“கோட்டை ஒழுங்கா மூடுன்னு சொன்னா கேட்டாத்தானே,” என்று அவள் கடிந்துகொண்டாள், செல்லமாக.

ஒரு கோப்பை மருந்தக்காவின் கைக்குள் வைக்கப்பட்டது. சூடு தெரியவில்லை. கொடுத்த விரல்கள் கையுறையைத் தாண்டிச் சுட்டன, பனிக்கட்டி சுடுவதுபோல். பிறகு அந்த விரல்கள் மைனாவின் கையை அவள் முழங்கையிலிருந்து எடுத்தன. ஒவ்வொரு விரலாக. நிதானமாக. மைனா தடுக்கவில்லை. அந்தக் கோட்டின் கைக்குள் தன் கையைச் செருகிக்கொண்டாள்.

“முன்னாடி கம்பி வேலி,” என்றது அது. “வலது பக்கம் மரம். விளக்கெல்லாம் எரியுது, மஞ்சளா, ரொம்ப அழகா இருக்கு. ஏரி சுத்தமா இருக்கு மைனா. துடைச்சு வச்ச மாதிரி. ஒருத்தரும் இல்ல.”

மைனாவின் முகம் மலர்ந்தது. இந்தப் பயணத்தில் ஒருமுறைகூட அது அவ்வளவு மலர்ந்ததில்லை. மருந்தக்கா நின்ற திசையில் அதைத் திருப்பினாள்.

“அப்படியாக்கா? நிசமாவே போயிட்டாரா?”

மருந்தக்கா ஏரியைப் பார்த்தாள். அவன் மண்டியிட்டிருந்தான். வட்டம் நெருங்கியிருந்தது. வட்டத்திலிருந்து ஓர் உருண்டை பறந்து வந்து, திறந்திருந்த அவன் கண்ணில் பட்டு, அங்கேயே ஒட்டிக்கொண்டது. அவன் இமைக்கவில்லை.

“ஆமா,” என்றாள்.

பிள்ளைகள் அடுத்த கைப்பிடிப் பனியை அள்ளக் குனிந்தார்கள். அவனுடைய மறு கண் அவளைப் பார்த்தபடி திறந்தே இருந்தது.